தானாவும் வசந்தாவின் ஃப்ளாப்பியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கையைக் காலை அசைக்காமல் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அசைக்காமல் இருப்பதற்காக மாடாய் உழைத்தவர் ஒருவர்தான். எங்கள் பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். "எல்லாம் தானா நடக்கணும்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே, மானேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் 'தானா' ஆகிப்போனார்.

கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் சோப்பு டப்பா ஒன்று மிதக்கும். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். நிரம்பினால் தானாக நிற்கும். ஒரு முறை கொல்லைக் குழாயை மூட மறந்துவிட்டு அம்மாவோடு திருத்தணிக்குப் போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் கிணற்றில் சேறு, தெருவில் ஆறு. அக்கம்பக்கம் மொத்தமும் வாசலில் நின்று திட்டியது. தானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோட்டார் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று திருப்தியோடு உள்ளே போனாராம்.

ஆபீசில் அவருக்கு ஒரே ஒரு தலைவலி. எங்கள் கம்ப்யூட்டர் யூனிக்ஸ் ரகம், கொஞ்சம் வீம்பு பிடித்தது. ஃப்ளாப்பியைச் சொருகிவிட்டால் மட்டும் போதாது. 'ஆள் வந்திருக்கிறது, உள்ளே விடு' என்று கட்டளை அடிக்க வேண்டும். அதற்குப் பெயர் மவுன்ட். எடுப்பதற்கு முன்னால் 'ஆள் கிளம்புகிறது' என்று இன்னொரு கட்டளை. இரண்டையும் அடிக்கும் அதிகாரம் தானாவுக்கு மட்டும்தான். ஆகவே ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், சம்பளப் பிரிவு என்று எல்லாரும் ஃப்ளாப்பியும் கையுமாக அவர் அறை வாசலில் நிற்போம். நான் டெஸ்பாட்ச்.

மனிதர் ஒரு மாதம் தாடி வளர்த்து ஒரு புரோகிராம் எழுதினார். அது சில விநாடிகளுக்கு ஒரு முறை, அறை வாசலோரம் இருந்த ஃப்ளாப்பி டிரைவைத் தட்டிப் பார்க்கும். ஃப்ளாப்பி இருந்தால் தானாக மவுன்ட் செய்யும். சும்மா கிடந்தால் தானாகக் கழற்றிவிடும். தட்டும்போதெல்லாம் 'கர்க்' என்று ஒரு சத்தம். முதல் நாளே பியூன் ஏகாம்பரம் மானேஜரிடம் ஓடினான்: "சார், மிசினுக்குள்ள எலி பூந்துகினு கீது!"

சத்தம் பழகிவிட்டது. நாங்கள் சொருகிவிட்டு எங்கள் சீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்தோம். தானாவின் அறை வாசல் காலியானது. வசந்தாவின் ஃப்ளாப்பி மட்டும் படுத்துக்கொண்டது.

வசந்தா சம்பளப் பிரிவு. வீடு பூந்தமல்லி. சென்னீர்குப்பத்தில் இருந்த எங்கள் இரண்டாவது ஷெட்டின் வருகைக் கணக்கைத் தினமும் வழியில் இறங்கி ஃப்ளாப்பியில் வாங்கி வருவாள்.

"இன்னா சார், உங்க ஆட்டோமேட்டிக்கு தூங்கிகினு கீதா? என்னுது வர்ல."

"மறுபடி போடும்மா."

மறுபடி போட்டால் வந்துவிடும். அடுத்த நாள் பழையபடி வராது. எப்போதும் கெட்டிருக்கும் கோளாறு புரோகிராம்காரனுக்கு அல்வா. எப்போதாவது கெடுவதுதான் எமன். தானாவுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னீர்குப்பத்துத் தூசி என்றார். அவள் ஃப்ளாப்பியைப் பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸின் அதிர்வு என்றார். "எஞ்சின் பக்கத்துல உக்காராதம்மா." அவள் பின்சீட்டுக்கு மாறினாள். கோளாறு மாறவில்லை. தினமும் கால் மணி நேரம் அவள் வாசலில் நிற்பாள். அவர் நாற்காலியை விட்டு எழாமல் திரையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருப்பார். அவள் வரத் தாமதமானால் மட்டும் திரையை விட்டு வாசலைப் பார்ப்பார். ஆபீஸ் முழுக்க விஷயம் புரிந்துவிட்டது, அவரைத் தவிர.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் பின்னால் நிற்கும்போதே வசந்தா சொன்னாள்: "ஞாயித்துக்கெழம என்னியப் பொண்ணு பாக்க வர்றாங்க சார். அரக்கோணம் பார்ட்டி. பிடிச்சிருந்தா அன்னிக்கே தட்டு மாத்திடுவாங்களாம்."

தானா தட்டச்சை நிறுத்தினார். திரும்பி ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப திங்கக்கெழம ஃப்ளாப்பி யார் கொணாருவா?"

எனக்கே அவரை அறையலாம் போல இருந்தது. வசந்தா அறைக்குள் போனாள். "எந்திரிச்சு வாங்க சார்."

அவர் எழுந்து வந்தார். அதுவே ஆபீசில் பேச்சாக வேண்டிய விஷயம். வசந்தா ஃப்ளாப்பியை டிரைவில் சொருகினாள். சொருகிய பிறகு மேலே இருக்கும் சின்னக் கைப்பிடியைக் கீழே திருப்ப வேண்டும், அவள் திருப்பவில்லை.

"வருதா?"

"வர்ல."

கைப்பிடியைத் திருப்பினாள். கர்க். திரையில் வந்துவிட்டது.

"அப்ப இத்தினி நாளா..."

"இத்தினி நாளா திருப்பாமத்தான் வந்து நின்னேன். இது தானா திரும்பாது சார்."

தானா கைப்பிடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏன்?" என்றார்.

டீ கொண்டுவந்த ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டான். "அட இன்னா சார் நீ!" வசந்தா பிஸ்கட் டின்னை மேஜை மேலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். சனிக்கிழமை லீவு போட்டாள். தானா அன்று முழுக்க அந்த டின்னை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தார். இது தேறாத கேஸ் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

மீதியை வசந்தாவே, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்துக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே பூந்தமல்லி வீட்டுக் கதவை யாரோ தட்டினார்களாம். அவளுடைய அப்பா திறந்தால், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பிஸ்கட் டின்னுமாகத் தானா. வேர்த்துக் கொட்டியிருக்கிறது.

"யாருப்பா நீ? யார் அனுப்பிச்சாங்க?"

"யாரும் அனுப்பல சார்" என்றாராம் தானா. "நானேதான் கேக்க வந்தேன்."

அன்று அவர் ஏறிய பூந்தமல்லி பஸ்ஸில், அவருக்குப் பக்கத்து சீட்டில் நானும் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது.