தீவாந்தரத்தின் அத்தை

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் நின்று, இந்த ஊரிலேயே சொந்தக்காரர்கள் அதிகம் உள்ளவர் யார் என்று கேட்டிருந்தால், எல்லாரும் ஒரே ஆளைத்தான் காட்டியிருப்பார்கள். தீவாந்தரம். அத்தை, பெரியப்பா, பர்மா சித்தி, இரட்டைத் தங்கைகள் என்று அவருக்குப் பதினேழு பேர். அத்தனை பேரும் சுவரில் ஆணியில் தொங்கினார்கள். ஒருவர்கூட அவரைப் பார்க்க வந்ததில்லை.

ஆள் புதுப் போட்டோக்காரர். அந்தமானில் ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் சமையல் வேலைக்குப் போய், அங்கே யாரோ விற்ற பழைய கேமராவை வாங்கி, தீவு தீவாகச் சுற்றி எதிர்ப்பட்டவர்களையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு திரும்பியவர். தொழில் கற்றுக்கொண்ட காலத்துப் படங்கள் என்பதால் பாதிப் பேருக்குப் பாதம் கிடையாது. ஆனால் அந்த முகங்களை மட்டும் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தமானிலிருந்து வந்தவன் என்றால் கொலை செய்துவிட்டு ஜெயிலுக்குப் போனவனாகத்தான் இருக்கும் என்று ஊர் தானே தீர்ப்பெழுதி, கைதிகளைத் தீவுக்குக் கடத்தும் பழைய தண்டனையின் பெயரால் தீவாந்தரம் என்று பெயரும் வைத்துவிட்டது. அந்தப் பெயரோடு அவர் வாடகைக்கு அறை கேட்டு வந்தது, நான் குடியிருந்த அரிசி மண்டிக்காரர் வீட்டு மாடிக்கு. மண்டிக்காரரின் மனைவியை நாங்கள் மண்டியம்மா என்போம். அவர் வாசலிலேயே மறித்தார்.

"ஒண்டிக்கட்டைக்கெல்லாம் ரூம் இல்ல. சொந்தபந்தம் யாராச்சும் இருக்காங்களா?"

நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்பதால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தவன். தீவாந்தரம் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த முதல் படத்தை எடுத்து நீட்டினார். கருவாட்டுக் குவியலுக்கு முன்னால் ஓர் அம்மாள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க அத்தைம்மா."

"கருவாடா விக்கிறாங்க?"

"மொத்த வியாபாரம்."

சாவி கைக்கு வந்துவிட்டது. அதன்பிறகு மண்டியம்மா கேள்வி கேட்கக் கேட்கக் குடும்பம் பெருகியது.

தொழிலிலும் அவருக்குத் தீவு விட்டுப்போகவில்லை. கல்யாண ஜோடியை நிறுத்தி, "ராஜகிரி பக்கம் பாருங்க, கப்பல் வருது" என்பார்.

"இன்னாய்யா, அது மலை."

"வர்றதா நெனைச்சுக்கங்க."

அந்த வருஷம் செஞ்சியில் கல்யாணமான அத்தனை ஜோடிகளும் கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரிதான் படத்தில் இருப்பார்கள்.

உண்மை எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அத்தை பேர் என்ன?" என்று சும்மாதான் கேட்டேன். மனிதர் திருதிருவென்று விழித்தார்.

"தெரியாது சார். நான் விழுப்புரத்துல ஒரு ஓட்டல்ல வளந்தவன். யாரு பெத்தாங்கன்னே தெரியாது. தீவுல மூணு மாசம் ஒருத்தரும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. இந்தம்மாதான், 'ஏம்பா வெயில்ல நிக்கற, உள்ள வா'ன்னாங்க. இந்தப் படத்துல ஒரு காப்பி அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்தேன். விலாசம் கேக்க மறந்துட்டேன்."

சிரிக்கப் போனவன் சிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் பேச ஆளில்லாமல் ரேடியோக் கடை வாசலில் போய் நின்றுவிட்டு வருகிறவன் நான். எனக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

வினை அவலூர்பேட்டையிலிருந்து வந்தது. அங்கே அவருக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார் மண்டியம்மா. "பெரியவங்க இல்லாம எப்பிடிப் பொண்ணு கேக்கறது? அத்தையை வரச் சொல்லி லெட்டர் போடறேன். விலாசத்தைச் சொல்லு."

தீவாந்தரத்துக்கு வேர்த்துவிட்டது. "அத்தை போய்ட்டாங்கம்மா."

"எங்க?"

"மேல."

மூன்று நாள் அவரை அடுப்புப் பற்றவைக்க விடாமல் கீழிருந்தே சோறு வந்தது. படத்துக்கு மாலை, விளக்கு. கடைத்தெருவே மாடியேறித் துக்கம் விசாரித்தது. முதல் நாள் தலையைக் குனிந்து நடித்த மனிதர், இரண்டாம் நாள் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டார். "இருந்த ஒரு ஆளையும் நானே கொன்னுட்டேனே சார்" என்றார். வந்த சோறு அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் மேல்சித்தாமூர்க்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள மாடிக்கு வந்தார். அந்தமான் துறைமுகத்தில் குமாஸ்தா, லீவில் வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். மண்டியம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தம்மாவுக்கு ஏன் மாலை போட்டிருக்குது?" என்றார் வந்தவர்.

"தவறிட்டாங்க" என்றார் மண்டியம்மா.

"யாரு சொன்னது? நான் கப்பல் ஏறின அன்னிக்குக் காலைலகூடப் பாத்தேனே! நான் சுத்த சைவம். மூக்கைப் புடிச்சிக்கிட்டு இவங்க கடையைத் தாண்டித்தான் தெனம் ஆபீஸ் போறேன். எவனோ போட்டோ புடிச்சிட்டுக் காப்பி அனுப்பாம ஏமாத்திட்டான்னு இன்னும் திட்டிக்கிட்டு இருக்காங்க. அவன் பேருகூடத் தெரியலையாம்."

அறை போச்சு, அத்தனை சொந்தமும் போச்சு, இன்றைக்கே இவர் பெட்டி தெருவுக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். தீவாந்தரத்துக்கு அந்தக் கவலையே இல்லை. வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திட்டறாங்களா? என்னையா? இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்களா?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. மண்டியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எட்டி மாலையைக் கழற்றினார்.

"தந்தி தப்பா வந்திருக்கும். சாவு சேதி தப்பா வந்தா ஆயுசு கெட்டி. அத்தை நூறு வருசம் இருப்பாங்க" என்றவர், வந்தவரிடம் திரும்பினார். "நீ போறப்ப காப்பியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போப்பா."

தந்தி எதுவும் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றே அத்தை படத்துக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டுவந்தார் தீவாந்தரம். அவருக்கு எழுதத் தெரியாது. "வீட்டுக்கு எழுதற மாதிரி பின்னால நாலு வரி எழுதுங்க சார். எப்பிடி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

'அத்தைக்கு நமஸ்காரம். இங்கு எல்லோரும் சௌக்கியம்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"எல்லாரும்னா யாரு சார்?" என்று கேட்டார்.

வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது. கீழே 'தங்கள் அன்புள்ள மருமகன்கள்' என்று எழுதி, அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டுக் கொடுத்தேன்.