மயில் கழுத்துத் திரைச்சீலை

படத்தில் இருந்த திரைச்சீலை கருநீலம். மாமனார் கையில் இருந்த திரைச்சீலை மயில் கழுத்து நிறம். படம் எடுத்தது சொந்த மாப்பிள்ளை என்பதால் மாமனார் வார்த்தைகளை மென்று விழுங்கினார்.

"படம் பிரமாதம் மாப்பிள்ளை. என்ன, இந்தத் துணியோடது இல்லை."

"கேமரா கலரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுது மாமா. சரி பண்ணிடறேன்."

"வெள்ளிக்கிழமை நம்ம திரைச்சீலை கேட்டலாக் அச்சுக்குப் போகணும். முடியலைன்னா சொல்லுங்க. பெரிய மாப்பிள்ளை செல்போன்லயே எடுத்துடறேங்கிறார்."

புகைப்படக்காரருக்குச் சுருக்கென்றது. வங்கி வேலையை விட்டுக் கேமராவைத் தூக்கியதிலிருந்து மாமனார் வீட்டில் அவருக்கு மிஞ்சியிருந்த மரியாதையே கொஞ்சம்தான். அதையும் சகலையின் செல்போன் கொண்டுபோவதா?

வீட்டுக் கணினியில் அந்த ஜேபெக் படத்தைத் திறந்து, நீலத்தைப் பச்சைப் பக்கம் இழுத்தார். பின்னால் இருந்த வெள்ளைச் சுவரும் கூடவே பச்சையானது. துணியின் மடிப்பெல்லாம் திட்டுத்திட்டாகிவிட்டது. இனி ரா கோப்புதான் கதி என்று அதைத் திறந்தார். ஒரு விநாடி பளிச்சென்று இருந்த படம், மறு விநாடி வெளுத்துப் போனது.

"ஏங்க, இப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி.

"முதல்ல தெரிஞ்சது கேமரா தானா கலர் போட்டு வெச்சது. ஜேபெக்கும் அதேதான். இது கேமரா கை வைக்காத பச்சைப் படம். சாஃப்ட்வேர் அதுக்குத் தோணின கலரைக் காட்டும். மீதியை நாமதான் சொல்லணும்."

"அப்பா ரொம்பப் பேசிட்டாரா?"

"பேசலை. அதான் கஷ்டமா இருக்கு."

மயில் கழுத்தை மனதில் வைத்துத் திருத்தி, சாயங்காலமே குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்.

மறுநாள் மாமனார் தன் சாயப்பட்டறையிலிருந்து துணியோடு வந்தார். "இது எப்படி எடுத்தது மாப்பிள்ளை?"

"ரா மாமா. பச்சைப் படம்."

"அதான் பச்சையடிக்குதா?"

புகைப்படக்காரர் துணியைப் பார்த்தார். கருநீலம். நேற்று வேறு நிறமாக இருந்ததே என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் கண்ணும் போச்சு என்பார்கள். மாமனாரோ துணியைப் பார்ப்பவர் அல்ல, குறையை மட்டும் பார்ப்பவர். நேற்றைய டியூப்லைட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, படத்தைத் திரும்பக் கருநீலமாக்கி அனுப்பினார்.

புதன்கிழமை துணி மயில் கழுத்து.

"வேணும்னே பண்றீங்களா மாப்பிள்ளை? பெரிய மாப்பிள்ளை செல்போனுக்குச் சார்ஜ் போட்டுட்டார்."

புகைப்படக்காரர் கண் மருத்துவரிடம் ஓடினார். கண்ணில் குறையே இல்லை என்று அவர் சொன்னதும் இடிந்து போனார். குறை இருந்திருந்தால் அதையாவது காரணமாகச் சொல்லியிருக்கலாம். அன்று மாலையே படத்தை மறுபடி மயில் கழுத்தாக்கிக் குழுவில் போட்டார்.

வியாழக்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாயப்பட்டறைக்கே போனார். துணி பக்கத்திலேயே இருக்க, அங்கேயே உட்கார்ந்து ஒரே தடவையில் திருத்திவிடுவதென்று முடிவு. கொடியில் ஈரம் சொட்டத் தொங்கியது கருநீலம். பெருமூச்சு விட்டு, கணினியைத் திறந்து நிறத்தை நகர்த்தப் போனார்.

சாயக்காரர் முழங்கை வரை நீலமாக ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், புண்ணியமாப் போகும், படத்தை மாத்தாம விடுங்க. உங்க முகம் வாடக் கூடாதுன்னு, பெரியவர் வேணாம்னு தள்ளுற ஒவ்வொரு படத்தையும் உங்க வீட்டம்மா இங்க கொண்டுவந்து காட்டி, துணியை அந்தக் கலருக்கு மாத்தச் சொல்லிட்டிருக்காங்க."