கிரேஸம்மாளின் பூஜ்ய சதவீதம்

ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆவியில் நாளுக்கு நாள் வளர வேண்டும். தாம் கண்டடைந்த விசுவாசத்தைப் பிறருக்கும் அறிவிக்க வேண்டும். இது கடமை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்புறச் சாலையில் இருந்த அந்தச் சபையில் இதைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. முப்பது வருடங்களாக அவர்கள் வளர்ந்துகொண்டும் அறிவித்துக்கொண்டும்தான் இருந்தார்கள். வளர்ந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. தேவராஜன் பணி ஓய்வு பெற்று அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார்.

இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் தரக் கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர் தேவராஜன். கம்பியை வளைத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், எந்த இடத்தில் உடைகிறது என்று குறித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற மறுமாதமே சபைச் செயலரானார். கம்பி இல்லாமல் தவித்த கைக்கு நூற்றெண்பத்து மூன்று சபையார் கிடைத்தார்கள்.

‘ஆவிக்குரிய வளர்ச்சி மதிப்பீட்டுப் படிவம் ஆ-7’ இப்படித்தான் பிறந்தது. ஜெபம், வேத வாசிப்பு, பிறரன்பு, கீழ்ப்படிதல், விசுவாசத்தை அறிவித்தல் என்று ஐந்து கட்டங்கள். கட்டத்துக்கு இருபது மதிப்பெண். போதகர் இளைஞர், ஊருக்கும் புதியவர். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அன்பை எப்படிங்க ஐயா அளக்கிறது?” என்று மட்டும் கேட்டார். “பயிற்சி வகுப்பு வைக்கிறேன்” என்றார் தேவராஜன். போதகர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. வகுப்புக்கு அவ்வளவு பயந்திருந்தார்.

முதல் வருடம் எல்லாரையும் அளந்தார்கள். கம்பெனி கேண்டீனில் காலை ஷிப்டுக்கு அறுநூறு இட்லி அவிக்கும் கிரேஸம்மாளுக்கு நூற்றுக்கு நூறு வந்தது. தேவராஜன் மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டும் அரை மதிப்பெண்கூடக் குறைக்க முடியவில்லை. அவள் கணவன் அப்பாவு, எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் லாரி எடைமேடையில் வேலை பார்ப்பவன், மூன்று மதிப்பெண் பெற்றான். அந்த மூன்றும், மழைக்காக ஒருமுறை ஆலயத்துக்குள் ஒதுங்கியபோது பாதிப் பிரசங்கம் காதில் விழுந்ததற்காக.

இரண்டாம் வருடம் மறு அளவீடு முடிந்த கையோடு ஒரு தீர்மானம் வந்தது. இனி ஆலயத்தில் திருமண ஓலை என்னும் கல்யாண அறிவிப்பை வாசிக்க வேண்டுமானால் குடும்பத்துக்கு வளர்ச்சிச் சான்றிதழ் அவசியம். பத்து சதவீதமாவது வளர்ந்திருக்க வேண்டும். குடும்பத்தில் யார் வளர்ச்சி குறைவோ அதுவே குடும்பத்தின் வளர்ச்சியாகக் கொள்ளப்படும்.

கிரேஸம்மாளின் மகள் இளமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பள்ளிப்பட்டில் ஆசிரியர். ஆறாவது வாரம் முகூர்த்தம், பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அதற்குள் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்தாக வேண்டும். கிரேஸம்மாள் கணவனையும் கூட்டிக்கொண்டு சபை அலுவலகம் போனாள்.

தேவராஜன் கணினியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பிரதர் அப்பாவு! போன வருஷம் மூணு, இந்த வருஷம் ஒன்பது. இருநூறு சதவீத வளர்ச்சி! சபையிலேயே நீங்கதான் முதல். அறுவடைப் பண்டிகையில உங்களுக்குக் கேடயம் இருக்கு.”

“நான் இன்னா சார் பண்ணேன்?” அப்பாவு உண்மையிலேயே திகைத்தான்.

“மாசம் ஒரு ஞாயிறு வர்றீங்க. பிரசங்கத்துல தூங்கறீங்க, ஆனா குறட்டை இல்லை.” பிறகு அவர் முகம் வாடியது. “சிஸ்டர் கிரேஸ்... போன வருஷம் நூறு. இந்த வருஷமும் நூறு.”

“ஸ்தோத்திரம்” என்றாள் கிரேஸம்மாள்.

“என்ன ஸ்தோத்திரம்? வளர்ச்சி பூஜ்யம்! ஒரு வருஷமா நின்ன இடத்துலயே நிக்கிறீங்க. நீங்க ஆவியில வளர்ற ஆளா, உங்க வீட்டு அம்மியா? சான்றிதழ் தர முடியாது.”

“நூறுக்கு மேல போறதுக்கு எடம் இல்லையே சார்?”

“அது படிவத்தோட தப்பு இல்லை சிஸ்டர். நீங்க ஆரம்பத்துலயே நூறு வாங்கினதுதான் தப்பு. வளர்றதுக்கு இடம் விட்டு வாங்கியிருக்கணும். மத்தவங்க எல்லாம் எவ்வளவு பொறுப்பா இருபது, முப்பதுன்னு வாங்கியிருக்காங்க பாருங்க.”

கிரேஸம்மாளின் கண் கலங்கியது. பத்திரிகை கொடுத்த வீடுகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. தேவராஜன் கல்நெஞ்சர் அல்ல. விதிமுறைக்கு உட்பட்ட இரக்கம் அவரிடம் எப்போதும் உண்டு.

“ஒரு வழி இருக்கு. ஒரு வாரம் கொஞ்சம் சறுக்குங்க. அளந்து பதிவு பண்ணிக்கிறேன். அடுத்த வாரம் பழையபடி ஏறிடுங்க. அந்த வித்தியாசம்தான் வளர்ச்சி.”

“சறுக்கறதுன்னா?”

“பாவம் செய்யணும். பெரிசா வேண்டாம், சபைக்குக் கெட்ட பேரு. நடுத்தரமா ஒரு நாலஞ்சு.”

வழியெல்லாம் அப்பாவு தைரியம் சொன்னான். “இதுக்குப் போயி பேஜாராவாதமே. நான் சொல்லித் தர்றேன். முப்பது வருசமா நான் பண்ணிக்கினு கீறேன், ஒரு கஷ்டமும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை கிரேஸம்மாள் ஆலயத்துக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நான்கு பெண்கள் உடம்புக்கு என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, மகன் தன்னோடு பேசி ஒரு வருடமாயிற்று என்று அழ ஆரம்பித்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேருமாக ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை பொய் சொல்வது என்று முடிவு செய்தாள். கேண்டீனில் சாம்பாருக்கு உப்பு போடாமலே, போட்டாயிற்று என்று உடன் வேலை செய்யும் பூவம்மாளிடம் சொன்னாள். அண்டாவை இறக்குவதற்குள்ளேயே, “பொய் சொல்லிட்டேன் பூவு, மன்னிச்சிக்கோ” என்று உப்பைக் கொட்டினாள்.

மிச்ச நாட்களில் ஆண்டவரைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று இருந்தாள். வெள்ளிக்கிழமை பூவம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாக்கா, உன் ஏசு பேச்சே காணோம்? ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டை இல்லடி. சறுக்கச் சொல்லிக்கிறாங்க.”

சொல்லத் தொடங்கினால் முழுவதும் சொல்ல வேண்டியிருந்தது. யார் அந்த ஆண்டவர், எதற்காக மன்னிக்கிறார், மன்னிப்புக்குப் படிவம் உண்டா என்று பூவம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அவரு நல்லவராத்தான் தெரியறாரு. அந்த ஆபீஸ்தான் சரியில்ல. நாங்க பெரியபாளையத்தம்மனுக்கு மொட்டை போட்டா, போன வருசத்த விட முடி எத்தினி கிராம் ஜாஸ்தின்னு எவனும் கேக்க மாட்டான்.”

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை அலுவலகத்தில், போதகர், அப்பாவு முன்னிலையில் அளவீடு. தேவராஜன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆர்வமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் பேனா தளர்ந்தது.

“வீட்டுல ஜெபக் கூட்டம், இருபது. பொய்க்கு உடனே மன்னிப்புக் கேட்டிருக்கீங்க, பிறரன்புக்கு இருபது. வேத வாசிப்பு வழக்கம்போல, இருபது. பூவம்மாளுக்கு விசுவாசத்தை முழுசா அறிவிச்சிருக்கீங்க; இருபது. என்ன சிஸ்டர் இது!”

“ஆராதனைக்கு வரலையே சார்? அதுக்காச்சும் கொறைங்க.”

“எப்படிக் குறைக்கிறது? சறுக்கச் சொன்னது சபை. நீங்க சபைக்குக் கீழ்ப்படிஞ்சுதானே வராம இருந்தீங்க? கீழ்ப்படிதலுக்கு இருபது.” கூட்டிப் பார்த்தார். “மறுபடியும் நூறு. உங்ககிட்ட முயற்சியே இல்லை. மகளோட கல்யாணத்துல உங்களுக்கு அக்கறை இருக்கா இல்லையா?”

அங்கேதான் அது நடந்தது. கிரேஸம்மாள் எழுந்து நின்றாள்.

“யோவ்! எனக்கா அக்கறை இல்ல? இட்லி வேவறதுக்குள்ள மூடியத் தொறந்து தொறந்து பாத்தா அது இன்னாய்யா ஆவும்? அடுப்புல ஒண்ணு வேவ வுடுறியாய்யா நீ? ஆண்டவரு பாத்துக்கினு கீறாருன்னு உனுக்கு நம்பிக்கை இருந்தா நீ எதுக்குய்யா ஃபாரம் அடிக்கிற? இந்தச் சபையில விசுவாசமே இல்லாத ஒரே ஆளு நீதான்யா!”

போதகர் மேசைக்கு அடியில் விழாத எதையோ குனிந்து தேடினார். அப்பாவு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் யாரையும் ‘யோவ்’ என்றதில்லை.

தேவராஜனின் முகத்தில் மெல்ல ஒளி பரவியது.

“இதுக்கு யாரும் உத்தரவு போடலையே?”

“எவன்யா போடுவான்?”

“அருமை! சொந்த முயற்சி. பிறரன்பு பூஜ்யம், கீழ்ப்படிதல் பூஜ்யம். நூறுல நாற்பது போச்சு, அறுபது!” அவர் கை பரபரவென்று எழுதியது. “அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம் சிஸ்டர். திருத்த நடவடிக்கை அறிக்கையில ஒரு கையெழுத்து. அறுபது நூறாயிடும். அறுபத்தாறு புள்ளி ஆறு ஆறு சதவீதம்! இன்னைக்கே சான்றிதழ்.”

அறிக்கை ஏற்கனவே அச்சடித்து இருந்தது. மேற்கண்ட சகோதரி கூறிய மேற்கண்ட வார்த்தைகள் அனைத்தும் உண்மைக்குப் புறம்பானவை என்றும், அவற்றுக்காக அவர் மனப்பூர்வமாக வருந்துகிறார் என்றும் அது சொன்னது.

கிரேஸம்மாள் இரண்டு முறை படித்தாள்.

“சார், நான் கத்தினது தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். ஆனா சொன்னது பொய் இல்லையே.”

“கத்தினதுக்குத் தனியா கட்டம் இல்லை சிஸ்டர். மொத்தமாத்தான் வருந்தணும்.”

“நான் வருந்தலையே.”

“அப்போ அறுபதுலயே நிக்கிறீங்க. போன வருஷத்தைவிட நாற்பது சதவீத வீழ்ச்சி. ஓலை கிடையாது.”

அவள் போதகரைப் பார்த்தாள். போதகர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். அப்பாவு அவள் காதருகே வந்தான். “போட்டுடுமே. நான் எத்தினி ஃபாரத்துல போட்டுக்கீறேன். பொண்ணு மூஞ்சிய நெனச்சிக்கோ.”

மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவள் அறிந்து சொல்லி, அப்படியே விட்டுவிட்ட முதல் பொய் அது. மை காய்வதற்குள் அவள் ஆவிக்குரிய வாழ்வில் அறுபத்தாறு புள்ளி ஆறு ஆறு சதவீதம் வளர்ந்துவிட்டதாக முத்திரை விழுந்தது.

செய்தி மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போயிற்று. செயலரை நன்றாகத் திட்டிவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் அறுபத்தாறு சதவீதம் என்றால் யார்தான் விடுவார்கள்? மறுநாளே தேவராஜன் வீட்டு வாசலில் கூட்டம். ஒழுங்கில்லாமல் திட்டுவது அவருக்கு ஒத்துவராது என்பதால், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று நேரம் குறித்து டோக்கன் கொடுத்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இவ்வளவு வேகமாக ஒரு சபை வளர்ந்து அவர்கள் பார்த்ததில்லையாம்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு மணமகன் பெயரையும் மணமகள் இளமதியின் பெயரையும் வாசித்தார். சகோதரி கிரேஸின் வளர்ச்சி சபைக்கே முன்மாதிரி என்று செயலர் எழுதிக் கொடுத்திருந்ததையும் சேர்த்து வாசித்தார். பிறகு வழக்கப்படி கேட்டார்:

“இது கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதையாவது அறிந்தவர்கள் இருந்தால், இப்பொழுதே சொல்லலாம்.”

கிரேஸம்மாள் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருவர் எழுந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. யாருமே எழாமல் போய்விடுவார்களோ என்றும் பயமாக இருந்தது. ஆலயத்தில் நூற்றெண்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அனைவருக்கும் எல்லாம் தெரியும். அனைவர் பைபிளுக்குள்ளும் ஒரு டோக்கன் இருந்தது.

“ஆட்சேபணை இல்லை” என்று போதகர் குறித்துக்கொண்டார்.

சபை ஒரே குரலில் ஆமென் சொன்னது. கீழ்ப்படிதலுக்கு இருபது.