கட்டுத்தரையில் ஒரு சேஸிஸ்

ஈரப் பெயிண்டை யாராலும் அசைக்க முடியாது. சென்னியப்பன் இந்த உண்மையைக் கண்டுபிடித்தது அந்த வருஷத்து மார்கழியில்தான். கண்டுபிடித்த அன்றைக்கு அவர் நடையைப் பார்த்திருக்க வேண்டும். மீனாட்சிபுரத்திலிருந்து வேலந்தாவளம் வரைக்கும், பெண்டாட்டியை வாயடைக்க வைத்த ஒரே ஆம்பிளை தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

விஷயம் ஒரு பழைய கார். இடுக்கி மலையில் ஏலத்தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போனது. மழையில் நின்று நின்று பாதி மலையோடு சேர்ந்துவிட்ட அதை, தோட்டத்து மெக்கானிக் மிக்கேல்ராஜ் மூலமாக வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சின்ன வயசில் வாளையார் ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றபோது இதே மாதிரி ஒரு கார் அவர் தலைமேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயிருக்கிறது. புழுதி தின்றவருக்கு என்றைக்காவது தானும் கொஞ்சம் புழுதி கிளப்பிப் பார்க்க ஆசை வராதா?

மேல்கூட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். அடியிலிருந்தது சேஸிஸ். ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி நீள இரும்புச் சட்டம். துரு ஏறி, எண்ணெயில் போட்ட அப்பளம்போலப் பொரிந்து கிடந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சீமெண்ணெயில் துடைத்தார். மேலே ரெட் ஆக்ஸைடு அடித்து, அது காய்ந்ததும் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் துரு இந்தப் பக்கமே வராது என்று மிக்கேல்ராஜ் சொல்லியிருந்தார்.

ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று சும்மா இருக்குமா? இவர் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுப்பதற்குள் அது கிழக்கிலிருந்து ஓடிவந்து ஒரு படி மண்ணை அப்பிவிட்டுப் போனது. குளிப்பாட்டி உடுத்திவிட்ட பிள்ளை நேராகப் போய் மண்ணில் புரண்டால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது சேஸிஸ். மறுபடியும் உப்புத்தாள். மறுபடியும் பெயிண்ட். கடைசியில் பொறுக்க மாட்டாமல் அதைக் கூரை போட்ட மாட்டுக் கட்டுத்தரைக்குள் கொண்டுபோய்க் கல்மேல் ஏற்றி வைத்தார். அங்கே கட்டியிருந்த மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின.

அந்த மாடுகளில் சிவலை நிறைசினை.

"ஏனுங்க," என்றாள் பெண்டாட்டி கமலாத்தாள், இடுப்பில் பிள்ளையோடு. "சிவல காத்துல நடுங்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"தெரியாம என்ன? சித்தெ பொறு புள்ள. பெயிண்ட் காயட்டும்."

"இரும்புக்குக் கூர, உசுருக்கு வேப்பமரமுங்களா?"

"இரும்பு வாய் தொறந்து கத்துமா? அதான் நாம பாத்துக்கோணும்ங்கறன்."

"சிவலயுந்தான் கத்தறதில்லீங்க. நின்னு பாக்குது, அவ்வளவுதான்."

பேச்சில் தோற்ற ஆம்பிளை என்ன செய்வார்? பிரஷ்ஷைக் கையில் எடுப்பார்.

அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது. கமலாத்தாள் தோட்டத்தில் வேலை செய்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு சேஸிஸைத் தூக்க வந்தாள். புதுசாக ஒரு பூச்சு ஜொலித்தது. "ஈரம்! ஆரும் தொடப்படாது!" என்றார் சென்னியப்பன். ஆட்கள் திரும்பிப் போனார்கள். அவளும் போய்விட்டாள். இதென்ன இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியம். அடுத்த தடவை அவள் ஆள் கூட்டப் போகிறாள் என்று தெரிந்ததும் டப்பாவைத் திறந்துவிட்டார். துருவுக்காக அடித்த பெயிண்ட் போய், பெண்டாட்டிக்காக அடிக்கிற பெயிண்ட் வந்தது. சட்டம் நாளுக்கு நாள் தடித்தது.

ஆனாலும் மனசு ஒன்று இருக்கிறதே. பிரஷ் பிடிக்கும்போது வேப்பமரத்தடியில் சிவலை இருமுவது காதில் விழும். துரு எப்படி ஏறுகிறது? யாரும் பார்க்காத இடத்தில், ஓசையில்லாமல், மூட்டு மூட்டாகப் பார்த்து ஏறுகிறது. மாட்டுக்கு ஒன்று வந்தாலும் அப்படித்தானே வரும்? இதை நினைத்தால் கை தயங்கும். தயங்கிய இடத்தில் பெயிண்ட் ஒழுகும். ஒழுகினால் துடைக்க வேண்டும். துடைக்கும்போது சிவலை மறந்துபோகும். இப்படியாக மார்கழி போய்ச் சேர்ந்தது.

தைப் பொங்கலன்று கமலாத்தாள் வந்து நின்றாள். பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பனும் கூட இருந்தார்.

"நாளைக்குப் பட்டிப் பொங்கலுங்க. கட்டுத்தரைலதான் பொங்கல் வெக்கோணும். சாணியில தெப்பக்கொளம் கட்டி, மாட்ட அதுல மிதிக்க விடோணும். வேப்பமரத்தடியில பட்டி பெருகுமுங்களா?"

"செய்யோணுமுன்னு எனக்கும் ஆசதான். ஆனா பாரு, இப்பத்தான் அடிச்சேன். ஈரம்."

அவள் கோபப்படவில்லை. சேஸிஸைப் பார்த்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள்.

"செரீங்க. கொம்புக்காச்சும் கொஞ்சம் பெயிண்ட் எடுத்துக்கட்டுங்களா? நோம்பிக்குக் கொம்பு வெறுமனே இருந்தா நல்லாருக்காதுங்க."

ஜெயித்தவனுக்கு மனசு எவ்வளவு பெருசாகிவிடுகிறது! "அட, இதையெல்லாமா கேப்பாங்க? எத்தன வேணுமோ எடுத்துக்க. நஞ்சப்பா, உன்ற எருதுக்கும் வேணும்னா வாங்கிக்க!"

"மாப்ள, தாராளம்!" என்றார் நஞ்சப்பன்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் நன்றாக எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போனார். திரும்பி வரும்போது எதிரே நஞ்சப்பனுடைய எருதுகள் வந்தன. கொம்பு ரெட் ஆக்ஸைடு, நுனி கறுப்பு. அழகாகத்தான் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வந்த எருமைகளுக்கும் ரெட் ஆக்ஸைடு. வாய்க்கால் மேட்டில் ஒரு மந்தையே நின்றது, அத்தனையும் ரெட் ஆக்ஸைடு. வெள்ளாட்டுக் கொம்பைக்கூட விடவில்லை. ஊரில் கொம்பு முளைத்த எல்லாமே துருப் பிடிக்காமல் நின்றன.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அலமாரி டப்பாக்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த மாதிரி இருந்தன. சேஸிஸைத் தொட்டார். காய்ந்துவிட்டது. காற்று வேறு வஞ்சகமில்லாமல் அடித்திருந்தது. பெயிண்ட் வாங்கலாம் என்றால் நோம்பிக்கு வேலந்தாவளத்தில் ஒரு கடை திறந்திருக்காது.

டப்பா டப்பாவாகச் சுரண்டிப் பார்த்ததில் பொழுதும் சாய்ந்துவிட்டது. வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் அடுக்களைக்குள் புகுந்தார். கையில் அகப்பட்ட ஒரு பாட்டிலை எடுத்துவந்து சேஸிஸ் முழுக்கத் தடவினார். சட்டம் பளபளவென்று மின்னியது. மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கமலாத்தாள் உள்ளே வந்தாள்.

"ஈரம்," என்றார்.

அவள் ஒரு விரலை வைத்து இழுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"வெளக்கெண்ணெ வாசமடிக்குதுங்க. காருக்கும் மாந்தமுங்களா?"

வெளியே சிரிப்பு வெடித்தது. எட்டிப் பார்த்தால், கொம்புக்குப் பெயிண்ட் வாங்கிப் போனவர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். வாங்கிய பெயிண்டுக்குப் பதிலாக ஒரு கை பிடிக்க வரச் சொல்லியிருக்கிறாள். இவர் தலைகுனிந்து ஓரமாக நின்றார். "புடி மாப்ள!" என்று நஞ்சப்பன் ஒரு முனையைக் கொடுத்தார். அவரும் பிடித்தார். வேறு என்ன செய்ய முடியும்? விளக்கெண்ணெயில் கை வழுக்க, ஏலேலோ பாடாத குறையாக அந்த இரும்பை நஞ்சப்பனுடைய கரும்பாலைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். கரும்பு வெட்டு முடிந்து கொட்டகை காலியாகக் கிடந்தது. நாலு பக்கமும் சுவர். மண் ஒரு துளி உள்ளே வரவில்லை.

கட்டுத்தரையைக் கூட்டி மெழுகிப் பொங்கல் வைத்தார்கள். பிள்ளைகள் தட்டத்தைத் தட்டி, "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று கத்தினார்கள். சிவலை தெப்பக்குளத்தை மிதித்து உள்ளே வந்து, தன் பழைய இடத்தில் நின்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு சென்னியப்பன் முழங்கையில் பட்டது. சுடச்சுட இருந்தது. இத்தனை நாளும் இந்தச் சூட்டைத்தான் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோமா என்று நினைத்தார். யாரும் பார்க்காதபோது அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் சிவலை கன்று போட்டது. கிடேரிக் கன்று. தாயும் பிள்ளையும் சுகம். சென்னியப்பனுக்கு ஏதோ தானே பெற்ற மாதிரிப் பூரிப்பு. சீம்பால் காய்ச்சிக்கொண்டிருந்த கமலாத்தாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆலக்கொட்டாய்தான் தோதான எடம். நான் அப்பவே நெனச்சேன்."

"ஆமாங்க. நீங்க நெனச்சதுதான்," என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அப்போதுதான் பரண்மேல் அரிசிப்பானைக்குப் பின்னால் அது அவர் கண்ணில் பட்டது. மூடி திறக்காத ஒரு டப்பா. கறுப்புப் பெயிண்ட்!

"ஏ புள்ள! எனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கறயா?"

"அது உங்களுக்கில்லீங்க," என்றாள் கமலாத்தாள். "கன்னுக்குட்டிக்கு. அதுக்குக் கொம்பு மொளைக்கோணுமல்லங்க."