கறுப்புக் கோட்டு விஷயமாகத் தம்பி டென்னிஸுக்கு

மாரிகுப்பம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி டென்னிஸுக்கு,

அக்கா வின்னி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நானும் உன் மாமாவும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. புனேயில் நீயும் ஷைலாவும் கல்யாண மாப்பிள்ளை ஆஷ்லியும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கடைசி வரை படி.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்டதைப் படித்தேன். "இந்தக் காலத்துல ஆம்பிளைக்கு சூட் எதுக்கு? எங்கிட்ட இருந்த மூணையும் குடுத்துட்டேன். ஜனவரியில நம்ம ஆஷ்லி கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் கோட்டு போட மாட்டான், மாப்பிள்ளை அப்பனும் போட மாட்டான்" என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு. நம் வீட்டில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது, எந்த மாப்பிள்ளையாவது கோட்டு இல்லாமல் ஆல்டர் முன்னால் நின்றிருக்கிறானா? அன்றைக்கே சுடச்சுட பதில் போட்டிருப்பேன், அதற்குள் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததற்குப் பிறகு என்னிடம் ஆதாரமே இருக்கிறது.

உன் மாமாவுக்கு வேலை போய் ஏழு மாதம் ஆனது உனக்குத் தெரியும். ஒயிட்பீல்டு குடோனை மூடியதிலிருந்து மனுஷன் வீட்டில்தான். முதல் மாதம் எங்கள் வீட்டுக் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். இரண்டாம் மாதம் பக்கத்து வீட்டு ரத்தினம்மா வீட்டுக் கீல்களுக்கும் போட்டார். அதற்குப் பிறகு போட இந்த லைன் வீடுகளில் கீல் இல்லை. நான் குக்கர் வைத்தால் பக்கத்தில் வந்து நின்று விசிலை எண்ண ஆரம்பித்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். கோயிலில் எப்போதும் முன் பெஞ்சில் உட்காருகிறவர், கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். எதையும் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. ஒருநாள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்பத்தொம்போது வயசு ஆளை இன்னாத்துக்குக் கூப்புடுவாங்க, வின்னி" என்றார். நான் ரசத்தை ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

அப்படியிருக்கும்போதுதான் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். ஐந்தாவது மாடியில் ஆபீஸ், அதற்கு பில்டிங் சூப்பர்வைசர் வேலை. அன்று சாயங்காலம் நீதான் போனில் அவருக்கு யோசனை சொன்னாய்: "மாமா, அங்க எல்லாம் பசங்க. காலர் வெச்ச டீ-ஷர்ட்டே போதும், கோட்டு கீட்டுன்னு போயிடாதீங்க, சிரிப்பாங்க." மாமா "சரிப்பா" என்றார், போனை வைத்தார், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

கல்யாணக் கோட்டு. ராபர்ட்சன்பேட்டையில் தைத்தது, முப்பத்தொரு வருஷம். பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை தெருமுனை வரை போய், ரத்தினம்மா ஓடி வந்து, "இன்னா வின்னியக்கா, யாராவது மருந்து கிருந்து கொட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். கோட்டில் நடுப் பொத்தானைக் காணோம். என் பழைய ஸ்கூல் பிளேசரிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தைத்தேன், பக்கத்தில் வந்து பார்த்தால் பொத்தானில் நங்கூரப் படம் தெரியும், யார் பக்கத்தில் வரப்போகிறார்கள்? டை முடிச்சு யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எதிர்வீட்டு ரவிகுமார், முன்பு மருந்துக் கம்பெனியில் சேல்ஸ் பார்த்தவன், தன் கழுத்தில் கட்டினால்தான் முடிச்சு வருகிறது என்று சொல்லி, கட்டி, சுருக்கைத் தளர்த்தி, மாலை மாதிரி கழற்றி மாமா கழுத்தில் போட்டான். பேன்ட் இடுப்பு பற்றாது என்றுதான் நான் பயந்தேன். போட்டுக்கொண்டு வந்து நின்றார், தொளதொளவென்று இருந்தது. ஏழு மாதத்தில் இவ்வளவு இளைத்திருக்கிறார், தினமும் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை பார். பெல்ட்டில் ஆணியால் இரண்டு ஓட்டை போட வேண்டும் என்று சொல்லி நான் அடுப்பங்கரைக்குப் போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆணியோடு வந்தேன்.

ஆனால் டென்னிஸ், ஓட்டை போட்டு, தலைவாரி, ஷூ மாட்டி நிமிர்ந்து நின்றதும், என்ன சொல்வேன், ஆள் வேறு ஆளாகிவிட்டார். ரத்தினம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "கலெக்டர் மாதிரி கீறாரு அக்கா" என்றாள்.

காலை வண்டியில் கறுப்புக் கோட்டோடு ஏறுகிற ஆள் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் ஆறு வருஷம் அதில் போய்வந்தவன். மாமா ஏறியதும் ஒரு பெஞ்சிலிருந்த நான்கு பேர் எழுந்து அடுத்த பெட்டிக்கு நடந்துவிட்டார்களாம். ஜன்னலோரம் மாட்டிக்கொண்ட ஐந்தாவது ஆள் கைகூப்பி, "சார், இன்னிக்கி மட்டும் விட்டுடுங்க, பாஸ் நேத்தோட முடிஞ்சிபோச்சி" என்றான்.

"நான் டிக்கெட் பாக்குறவன் இல்லப்பா. இன்டர்வியூக்குப் போறேன்."

"இந்த வயசுல இன்னா சார் இன்டர்வியூ, வெளாடாதீங்க" என்று அவனும் எழுந்து போய்விட்டான். அந்த வண்டியில் மாமா வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்து போனார். பங்காருபேட்டையில் ஏறிய ஒரு பெரியவர் கோட்டைப் பார்த்து வக்கீல் என்று முடிவு செய்து, தம்பியோடு உள்ள கிணற்றுத் தகராறைப் பாதி தெலுங்கிலும் பாதி கன்னடத்திலும் ஒயிட்பீல்டு வரை சொல்லியிருக்கிறார். இவர் பாவம், இடையில் மறுக்கவும் முடியாமல், இறங்கும்போது "கோர்ட்டுக்கு அலையாதீங்க, தம்பிகூட ஒக்காந்து பேசுங்க" என்று மட்டும் சொன்னாராம். பெரியவர் கண்கலங்கி இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். அதை இரண்டு பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டு இவர் இன்டர்வியூவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இனிமேல் வருவது, மாமா சொன்ன நான்கு வார்த்தையையும், அந்த ஆபீஸ் ரிசப்ஷனில் இருக்கிற மமதா என்கிற பெண் நேற்று போன் செய்து சொன்ன நானூறு வார்த்தையையும் சேர்த்து நான் எழுதுவது. அன்றைக்கு மும்பையிலிருந்து அந்தக் கம்பெனியில் பணம் போடுகிற பெரிய மனுஷர் ஒருவர் வருவதாக இருந்ததாம். யாரும் அவரைப் பார்த்தது கிடையாது. லிப்டிலிருந்து உன் மாமா கோட்டும் டையுமாக வெளியே வந்ததும் மமதா எழுந்து நின்று, நேரே கண்ணாடி ரூமுக்குக் கூட்டிப்போய், காபியும் பிஸ்கெட்டும் வைத்துவிட்டாள். "ஆன்ட்டி, நான் இன்னா மாடலி, இன்னா செய்வேன்? அவர்தான் சார் மாதிரி இருந்தாரு. மத்தவங்க எல்லாம் டீ-ஷர்ட்" என்கிறாள். முதலாளி பிரதாப் என்று ஒரு பிள்ளை, அரைக்கால் சட்டை, முப்பது வயசுகூட இருக்காது. லேப்டாப்பைத் திறந்து சுவரில் படம் போட்டு, கோடு மேலே ஏறுவதைக் காட்டி ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசியிருக்கிறான். மாமா இதுதான் இன்டர்வியூ என்று நினைத்து, ஒன்றும் புரியாமல், முதுகை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மனசெல்லாம் வேறு எங்கோ. ஏறி வந்த லிப்டு ஒவ்வொரு மாடியிலும் நின்ற பிறகு நான்கு விரல் கீழே இறங்கியது. பதினோரு வருஷம் நந்திதுர்க் தங்க மைனில் வைண்டிங் என்ஜின் ஓட்டி, கேஜில் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றியவருக்கு அது என்னவென்று தெரியாதா? கடைசியில் பிரதாப், "சார், எனி கொஸ்டின்ஸ்?" என்றான். மாமா மேலே போகிற கோட்டையே பார்த்துக்கொண்டு, "ஏத்துறதெல்லாம் சரி தம்பி. நிறுத்துறதுக்கு இன்னா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

பிரதாப் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். பக்கத்திலிருந்தவன், "இந்தக் கேள்விய நம்மள யாருமே கேட்டதில்ல" என்றான்.

அதே நேரத்தில் நிஜமான மும்பைக்காரர் எங்கே? வெளியே பெஞ்சில். கசங்கின டீ-ஷர்ட்டும் ரப்பர் செருப்புமாக வந்தவரிடம் மமதா சூப்பர்வைசர் வேலைக்கான ஃபாரத்தைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். அவரும் ஏதோ புதுப் பழக்கம் போலிருக்கிறது என்று அப்பா பெயர் வரைக்கும் நிரப்பியிருக்கிறார். விஷயம் வெளியே வந்ததும் பிரதாப்புக்கு முகம் செத்துவிட்டது. மாமாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான். "ஹரோல்ட். சூப்பர்வைசர் வேலைக்கு." எல்லாரும் மும்பைக்காரரிடம் ஓடி மன்னிப்புக் கேட்டு, சாப்பிடக் கூட்டிப் போகலாம் என்று மொத்தக் கூட்டமும் லிப்டுக்கு நடந்தது. பத்துப் பதினோரு பேர்.

டென்னிஸ், இந்த இடத்தைத்தான் நீ இரண்டு தரம் படிக்க வேண்டும். அப்போதுதான் அவமானப்பட்ட மனுஷன், வேலை போயே போயிற்று என்று நினைத்த மனுஷன், தலையைக் குனிந்து படியில் இறங்கி வந்திருக்கலாம். இவர் ஓடிப்போய் லிப்டு வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து, "ஒருத்தரும் ஏறக்கூடாது! இதுல பிரேக் புடிக்கல. இத்தினி பேர் ஏறினா நிக்காது" என்றார். மும்பைக்காரர் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். எடுத்துவிட்டார். பிரதாப் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், "நீயும்தான், பின்னால போ" என்றார், போனான். மெக்கானிக் வந்து மேலே ஏறிப் பார்க்கும் வரை முக்கால் மணி நேரம் அந்த வாசலை விட்டு இவர் நகரவில்லை. மெக்கானிக் இறங்கி வந்து, "பிரேக் லைனிங் சுத்தமா தேஞ்சிபோச்சி. ஃபுல் லோடுல போயிருந்தா நேரா அடியில போய்தான் இடிச்சிருக்கும். யார் சார் கண்டுபுடிச்சது?" என்று கேட்டானாம். எல்லாரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது நீயே சொல். உன் பேச்சைக் கேட்டு டீ-ஷர்ட்டில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரோ ஒரு கிழவன் லிப்டை மறிக்கிறான் என்று தள்ளிவிட்டு ஏறியிருப்பார்கள். படித்த பிள்ளைகள் பதினோரு பேர் நின்றார்கள் என்றால் எதைப் பார்த்து நின்றார்கள்? கோட்டைப் பார்த்துத்தான். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் கண்ணை மூடினால் தெரிகிறது: கறுப்புக் கோட்டு, டை, விரித்த இரண்டு கை. ஆம்பிளைக்குக் கோட்டு தேவையா என்று இனிமேல் குரூப்பில் கேட்காதே. தேவைதான். பீரோவில் ஒன்று இருக்க வேண்டும். ஜனவரியில் நீயும் ஆஷ்லியும் கோட்டோடுதான் கோயில் படி ஏறுகிறீர்கள், இது அக்கா உத்தரவு. தைக்க நேரமில்லை என்றால் அளவை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷைலாவுக்கு என் அன்பு. மாப்பிள்ளைப் பையனுக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் வாசலையும் வண்டியையும், நீங்கள் ஏறுகிற லிப்டுகளையும் காப்பாராக.

உன் அக்கா,
வின்னி ஹரோல்ட்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் மாமாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "லிப்டாண்ட நிக்கும்போது கோட்டு என்மேல இல்லியே வின்னி" என்றார். கண்ணாடி ரூமில் வேர்த்துக் கொட்டியதாம், கோட்டையும் டையையும் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் ஓடினாராம். "அப்போ எதுக்கு அத்தினி பேரும் நின்னாங்க?" என்று கேட்டேன். "எனக்கின்னா தெரியும்? நில்லுன்னேன், நின்னாங்க" என்கிறார். ஐந்து பக்கம் எழுதி முடித்தாயிற்று, இனிமேல் அடித்துத் திருத்த எனக்குக் கை வலிக்கிறது. நீயும் ஆஷ்லியும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வாருங்கள்.