ஒலிக்காத ஹாரனும் உன் எலக்ட்ரீஷியனும்

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

தங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காளும் நலம். அங்கு தாங்களும், தங்கள் மனைவியும், பிள்ளைகளும், தங்கள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிகளும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன்னை நான் ஒருநாளும் ‘தாங்கள்’ என்று சொன்னதில்லை. இது புகார்க் கடிதம் என்பதால் அப்படி ஆரம்பித்தேன், நாலு வரிக்கு மேல் வரவில்லை, விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான். என் பிக்கப் வண்டியின் ஹாரனைப் பழுது பார்க்க நீ அனுப்பிய எலக்ட்ரீஷியனை உடனே வேலையை விட்டு நிறுத்த வேண்டும். போன வாரம் போனில் நீயே, “இன்னொரு புகார் வந்தா அந்த ஆளை வேலைய விட்டே அனுப்பிடறேன் அத்தான்” என்று சொன்னாய். இதோ அந்த இன்னொரு புகார். வாயால் சொன்னால் காற்றில் போய்விடும் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். தொழிற்சாலைக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் இருப்புச் சரிபார்ப்பவனாக இருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, உன் ஒர்க்‌ஷாப் மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த அந்தப் பழைய பிக்கப்பை நீ பெயிண்ட் அடித்து, சீட்டுக்கு உறை தைத்து, என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் ‘எதற்காகக் கொடுக்கிறான்’ என்று யோசித்தேன். மூன்று வருடமாக யோசித்தும் கிடைக்காத விடை இப்போது கிடைத்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன். போன மாதம் வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை. திடீரென்று ஒருநாள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பும்போது, நான் தொடாமலே ஹாரன் அலற ஆரம்பித்தது. வலப்பக்கம் திரும்பினால் சாது. நேரே போனால் சாது. இடப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் ஊரைக் கூட்டுகிறது. அந்த முனையில்தான் பல் டாக்டரின் கிளினிக் இருக்கிறது. முதல் நாள் அவர் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் வாயில் பஞ்சோடு ஒரு நோயாளியும் சேர்ந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் டாக்டர் வண்டியை நிறுத்தி, “சார், நான் ஊசியைக் கையில எடுக்கற நேரம் பாத்துத்தான் வர்றீங்களா?” என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் எனக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. ஆனால் அவருக்கு ஸ்டியரிங்கைக் கழற்றத் தெரியாது என்பதால் விட்டுவிட்டேன். அன்றுதான் உனக்குப் போன் செய்தேன், நீ உன் ஆளை அனுப்பினாய்.

உன் ஆள் வந்த தோரணையே சரியில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார். சொன்ன நேரத்துக்கு வருகிற ரிப்பேர்க்காரர் வேறு ஏதோ திட்டத்தோடுதான் வருவார். நான் கேட்காமலே செல்போனை எடுத்து, தன் இரண்டு பெண் குழந்தைகளும் பள்ளி உடையில் நிற்கிற படத்தைக் காட்டினார். கேட்காததை ஒருவர் ஏன் காட்ட வேண்டும்? ஸ்டியரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் நடுத்தண்டிலும் ஸ்டியரிங்கிலும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கிழித்தார். என் வண்டியில் எதற்கு அடையாளம் போடுகிறீர்கள் என்றேன். “திருப்பி மாட்டும்போது கோணலாயிடக் கூடாதுங்க, அதுக்குத்தான்” என்றார். யாருக்கோ காட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு வயர் மேல்தோல் தேய்ந்து, இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புது வயர் போட்டார். போட்டோமா போனோமா என்று இல்லாமல் பட்டன் மூடியையும் கழற்றி எனக்குப் பாடம் நடத்தினார். “ஹாரன்ல பெரிய சூட்சுமம் ஒண்ணும் இல்லைங்க. இந்தப் பித்தளைக் குமிழ் போய் அந்தத் தகட்டைத் தொட்டா சத்தம். நடுவுல எதாவது வந்துட்டா சத்தம் இல்லை.” இவ்வளவு எளிமையாக விளக்குகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிறகு அந்தக் குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இந்த மாதிரிப் பித்தளையெல்லாம் இப்ப யாருங்க போடறாங்க” என்று பெருமூச்சு விட்டார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அடுத்தவர் பொருளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களின் பட்டியல் ஒன்றைக் கிடங்கில் என் மேஜையிலேயே வைத்திருந்தேன். அதில் பாதிப் பேர் பிறகு பிடிபட்டார்கள். மீதிப் பேர் இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அவர் ஹாரனை ஐந்து முறை அழுத்திக் காட்டிவிட்டுக் குழாயடியில் கை கழுவப் போன நேரத்தில், நான் என் வேலையைச் செய்தேன். பட்டனை அழுத்தி இடப்பக்கம் ஒரு திருகு திருகினால் மூடி கையோடு வந்துவிடுகிறது. உன் அக்காளின் அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்த நகப்பூச்சால் பாகங்களில் சிவப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. புது ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பார்கள், திருடன் தன் பொருளிலும் அதே மாதிரி ஒன்று வைத்துவிடுவான். தேர்ந்தவன், இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொடுகிற இடமாகப் பார்த்து வைப்பான். நான் குமிழின் நுனியில் ஒன்று, அது போய்த் தொடுகிற தகட்டில் ஒன்று வைத்து மூடிவிட்டேன். மறுநாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஹாரன் ஊமை. உன் ஆள் பக்கத்தில் நிற்கும்வரை ஒலித்த ஹாரன், அவர் போனதும் ஒலிக்கவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நீ அவரை மறுபடியும் அனுப்பினாய். மூடியைக் கழற்றினார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே பார்த்தார். டீயோடு நின்றுகொண்டிருந்த உன் அக்காள், “என்னப்பா, என்ன கோளாறு?” என்று கேட்டாள். “என் கையிலதாம்மா தப்பு, சரியா மாட்டலை போல” என்று சொல்லிவிட்டு, பாகங்களை எடுத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்தார். தப்பை உடனே ஒப்புக்கொள்கிற ரிப்பேர்க்காரரை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. திரும்ப மாட்டினார், சத்தம் பல் டாக்டர் வரைக்கும் கேட்டது. அவர் டீ குடிக்கிற நேரத்தில் நான் திறந்து பார்த்தேன். குமிழிலும் புள்ளி இல்லை, தகட்டிலும் இல்லை. கிடங்கு விதி என்ன? புள்ளி வைத்த பொருளில் புள்ளி இல்லை என்றால் அது அந்தப் பொருளே இல்லை. என் பித்தளையைக் கழற்றிக்கொண்டு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற இன்னொன்றை வைத்துவிட்டார். என் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வாயைத் திறக்காமல், புதுப் பாகங்களில் மறுபடி புள்ளி வைத்தேன், இந்தத் தடவை இரண்டு கை பூசி. மறுநாள் ஹாரன் மறுபடி ஊமை.

ஹாரன் இல்லாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி “ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிறார் என்று ஒரு சைக்கிள்காரர் நடுரோட்டில் நின்று என்னை நலம் விசாரித்தார். தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் உன் அக்காளிடம் சைகையில்தான் பேசினேன். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நேற்று உன் ஆள் மூன்றாவது முறையாக வந்தபோது, நான் இரண்டடி தள்ளி ஸ்டூலைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூடியில் கை வைத்தவர், “ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார். தாகம் என்கிறவருக்கு எப்படி இல்லை என்று சொல்வது? போய் எடுத்து வருவதற்குள் ஹாரன் ஒலிக்கிறது, புள்ளிகள் மாயம். தண்ணீரையும் அவர் முழுசாகக் குடிக்கவில்லை. அரை டம்ளர் அப்படியே இருந்தது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன். அவர் போனதும் மூன்று கை பூசினேன். இன்று காலை ஹாரன் ஊமை.

உன் அக்காளோ அவர் பக்கம். விருந்தாளிக்கு வைத்திருக்கிற கோப்பையில் அவருக்கு டீ. “உங்களுக்கு யாரைத்தான் நம்பத் தெரியும்? கல்யாணமாகி வந்த அன்னைக்கே என் பெட்டிய எண்ணிப் பாத்தவர்தானே நீங்க” என்கிறாள். எண்ணியது உண்மை. ஐந்து என்று சொன்னார்கள், நாலுதான் இருந்தது. ஐந்தாவதில் நீ தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். ஆக அன்றைக்கும் என் சந்தேகம் வீண் போகவில்லை. இதற்கிடையில் அவள் நகப்பூச்சைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். “எங்க வச்சேன்னே ஞாபகம் வரலைங்க. எனக்கு மறதி வந்துடுச்சு போல, டாக்டரைப் பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். “பாக்கலாம்” என்று சொல்லி வைத்திருக்கிறேன். விசாரணை நடக்கும்போது சாட்சியத்தை வெளியில் விட முடியாது.

இனி உன் பங்கு. போனில் இரண்டு தடவை, “தொந்தரவா இருந்தா வண்டிய என்கிட்டயே விட்டுடுங்க அத்தான்” என்று சொன்னாய். அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. வண்டியைக் கொடுத்தது மனசு வந்து, இப்போது மனசு மாறிவிட்டது. இன்று ஹாரன், நாளைக்கு விளக்கு, அடுத்த மாதம் வைப்பர் என்று உன் ஆள் ஒவ்வொன்றாகக் கழற்ற, நான் அலுத்துப்போய் வண்டியைத் திருப்பித் தர வேண்டும், அதுதானே? கோபித்துக்கொள்ளாதே. நீ சொல்லி அவர் செய்தாரா, அவராகச் செய்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ அவரை நிறுத்தினால் அவராகச் செய்தார் என்று முடிவு செய்வேன். நிறுத்தாவிட்டால் நீ சொல்லிச் செய்தார் என்று முடிவு செய்வேன். பதினோரு வருடமாக உன்னிடம் ஒரு தப்பும் இல்லாமல் வேலை செய்கிறார் என்றாய். பதினோரு வருடம் ஒருவர் பிடிபடவில்லை என்றால் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று பார்த்துக்கொள்.

உனக்கும் உன் மனைவிக்கும் என் அன்பு. பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் அமைய என் ஆசி. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம். ஒர்க்‌ஷாப்பில் மற்ற எல்லோருக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைத் தேடும்போது உன் எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றார். உன் அக்காள் எனக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறாள். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். மூன்று கைப் பூச்சு என்பதால் இந்தத் தடவை அவரால் சட்டென்று மறைக்க முடியவில்லை. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாக உதிர்ந்தது. உன் அக்காள் குனிந்து பார்த்து, “இதென்ன, என் நகப்பூச்சுக் கலர்ல இருக்கு?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குமிழ் தகட்டைத் தொட வேண்டும், நடுவில் எதுவும் வரக்கூடாது. மூன்று முறையும் நடுவில் வந்தது நான்தான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அது ஒண்ணும் இல்லம்மா, பழைய பித்தளை இப்படித்தான் செவப்பா துரு விடும்” என்றார். பித்தளை அப்படித் துரு விடாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். “அப்போ எனக்குத்தான் பாக்கற எடமெல்லாம் நகப்பூச்சாத் தெரியுது. நாளைக்கே டாக்டர்கிட்ட போயிடணும்” என்று உன் அக்காள் சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. பயந்துபோயிருக்கிறாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பேன்ட் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாட்டிலோடு உள்ளே போய்விட்டாள்.

அவரோடு கேட் வரைக்கும் நடந்தேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். “ரெண்டாந்தடவை மூடியைத் திறந்ததுமே தெரியும்யா. உங்க வெரல்லயும் சிவப்பு இருந்துச்சு.” ஏன் சொல்லவில்லை என்றேன். “அம்மா பக்கத்துல நின்னாங்க.” உன்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். “அவரு உங்க மச்சினரு. உங்களச் சொன்னா அங்க உங்க மதிப்புப் போயிடும். என் கைத்தப்புன்னு சொன்னா நாலு திட்டு, அதோட போச்சுன்னு நெனச்சேன். அது வேலைக்கே வந்து நிக்குது. அதான் அம்மா கூப்பிட்டதும் ஒர்க்‌ஷாப்ல சொல்லாம சாப்பாட்டு நேரத்துல வந்தேன்” என்றார். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. என் சட்டைப் பையில் இந்தக் கடிதம் இருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

கேட்டிலிருந்து கையோடு திரும்ப அழைத்து வந்துவிட்டேன். இப்போது அவர் எங்கள் சமையலறையில் சாப்பிடுகிறார், நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கலாம். ஆனால் பதிவேட்டில் தாளைக் கிழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. தப்பை அப்படியே விட்டு, அடியில் திருத்தம் எழுதி, கையெழுத்துப் போடுவேன். திருத்தம் இதுதான்: அவரை நிறுத்தாதே. திட்டியதற்கு நீ அவரிடம் மன்னிப்புக் கேள், நான் கேட்டுவிட்டேன். நீ வண்டியைக் கொடுத்ததற்கு நான் ஒருநாளும் உனக்கு நன்றி சொன்னதில்லை, அதையும் இங்கே சேர்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் படித்தால் படிக்கட்டும், அவரைப் பற்றித்தானே எழுதியிருக்கிறேன். அதை அவரிடமே சொன்னேன். “உங்க குடும்பக் கடுதாசி எனக்கெதுக்குங்க” என்றார். படிக்க மாட்டார். நம்புகிறேன்.