சும்மா போட்டுக்கொண்டு வந்தவர்

மனிதர்களில் 'சும்மா போட்டுக்கிட்டு வந்தேன்' என்று ஒரு வகை உண்டு. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், தெருவில் ஒருவர் இருப்பார், கொடுத்துவைத்தவரானால் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார். அடர்நீல ஜீன்ஸ்தான் இவருக்குச் சீருடை. சட்டையை முழுதும் உள்ளே விட்டால் குமாஸ்தா, முழுதும் வெளியே விட்டால் சோம்பேறி என்று முன்பக்கம் மட்டும் ஒரு கொத்து செருகி, கணுக்கால் தெரிய ஜீன்ஸின் அடியை இரண்டு மடிப்பு மடித்து, யோசித்து, ஒரு மடிப்பைப் பிரித்து, பழுப்பு பெல்ட்டும் பழுப்பு ஷூவும் ஒத்துப்போகின்றனவா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, சீவிய தலையைக் கையால் கலைத்து, கலைந்தது போதாதென்று மறுபடி சீவிக் கலைத்து, குளியலறைக் கதவை வீட்டார் உடைக்கப் போகிற நேரத்தில் வெளியே வருவார். 'நல்லா இருக்கே' என்று நீங்கள் சொல்லித் தொலைக்க வேண்டும்.

"இதுவா? கைக்குக் கிடைச்சதை மாட்டிக்கிட்டு வந்தேன்."

பொய். கலப்படமில்லாத பொய்.

தன்னோடு நிறுத்திக்கொண்டால் போகட்டும் என்று விடலாம். நிறுத்துவாரா? எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அவர் மனைவியின் தம்பி மாட்டிக்கொண்டான். லிஃப்ட் பழுது பார்ப்பவன், தங்கமான பையன். அவன் காதலிக்கும் பெண்ணின் அப்பா, "வீட்டுக்கு வரச் சொல்லு, ஆளைப் பார்த்துட்டுத்தான் முடிவு" என்று சொல்லியனுப்பியிருந்தார். பையன் தேய்த்த பேண்ட் சட்டையோடு கிளம்பி நின்றான்.

"இன்டர்வியூவுக்கா போறே?" என்றார் நம் ஆள். "பார்த்ததும், இவன் எதுக்கும் அலட்டிக்காதவன்னு தோணணும்டா." இதற்கென்றே வெள்ளை டீ-ஷர்ட் ஒன்றும் புத்தம்புது ஜீன்ஸ் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார்.

"ஜீன்ஸை ஒரு தடவை அலசிட்டுக் குடுங்க, சாயம் போகும்" என்றாள் மனைவி.

"துவைச்சா அதோட உயிரே போயிடும். உனக்கு இதெல்லாம் புரியாது."

எல்லாருக்கும் புரிந்துவிட்டால் இவர் பிழைப்பு என்னாவது?

போகிற வழியில் தூறல். பெண் வீட்டுக் கூடத்தில் பால் வெள்ளையில் சோபா. பையன் நனைந்த ஜீன்ஸோடு அதில் நெளிந்துகொண்டு உட்கார்ந்தான். கூடவே போன நம் ஆள், அடர்நீலத்துக்கு வெள்ளை டீ-ஷர்ட் ஏன் எடுப்பாக இருக்கிறது என்று பெண்ணின் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வர, மரியாதைக்குப் பையன் எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடம் சோபாவில் நீலமாக, அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் நம் ஆள். "அசல் சாயம் சார். மட்டமான துணின்னா இந்த அளவுக்கு ஒட்டாது."

கதவோரம் நின்ற பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. பையன் கைக்குட்டையை நனைத்து, மண்டியிட்டுத் துடைத்தான். துடைக்கத் துடைக்கப் பரவியது.

"மன்னிச்சிடுங்க சார். இது என் துணியே இல்ல. இதுல எனக்கு ஒழுங்கா உக்காரக்கூட வரல. உங்களுக்குப் பிடிக்காமப் போயிடுமோன்னு பயந்து மாமா சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிட்டேன்" என்றான். பாவம், பார்க்கவே கஷ்டமாக இருந்திருக்கும்.

பெண்ணின் அப்பா நீலம் ஏறிய அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை உன் சொந்தத் துணியில வா தம்பி. சாப்பிட்டுட்டு உக்காந்து பேசலாம்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இவரை வீட்டுல விட்டுட்டு வா."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வெள்ளைக்குப் பதிலாக வெளிர் சாம்பலில் ஒரு டீ-ஷர்ட் போட்டுவிட்டிருக்கலாமே என்று நடுவில் ஒரு நொடி உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். தோன்றியிருந்தால் பரவாயில்லை, எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் அவசியம் வாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டு வைக்கிறேன்.